அத்தியாயம் 6: விலை சொல்லும் இடத்துக்கு வருவது – வட்டார மாட்டிறைச்சிக்கு உயர்விலைச் சந்தை

மாடு வளர்ப்பில் உழைப்பு இரண்டு ஆண்டு. விலை பேசுவது இரண்டு நிமிடம். அமெரிக்காவின் மேற்கு மேய்ச்சல் நிலங்களில் கன்று வளர்ப்பவர் ஆண்டுக்கு ஒருமுறை கன்றுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஏலச்சந்தைக்குப் போகிறார். அன்றைக்கு என்ன விலை போகிறதோ அதை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார். அந்தக் கன்று எந்த மலைப்புல்லைத் தின்றது, என்ன மருந்து ஏறியது, யார் கையில் வளர்ந்தது என்ற விவரமெல்லாம் ஏலக்காரரின் குரலோடு முடிந்துபோகிறது. மறுநாள் அது கொழுக்கவைக்கும் பெருங்கொட்டிலில் ஆயிரம் மாடுகளில் ஒன்று. நன்றாக வளர்த்தவருக்கும் ஏனோதானோவென்று வளர்த்தவருக்கும் கிட்டத்தட்ட ஒரே விலைதான்.

இந்த இடத்திலிருந்து வெளியே வந்த மாடு வளர்ப்பவர்கள் உலகில் பல வட்டாரங்களில் இருக்கிறார்கள். ஜப்பானின் ஹ்யோகோ, அமெரிக்காவின் ஓரிகான், பிரான்சின் மெசான்க் மலை, ஸ்காட்லாந்து ஆகிய நான்கையும் இந்த அத்தியாயத்தில் பார்க்கிறோம். நிலமும் மாட்டினமும் உண்பவர் ருசியும் ஊருக்கு ஊர் வேறு. ஆனால் எல்லா இடத்திலும் விலையைத் தாங்கி நிற்பது ஒரே தூண். குழுவாகச் சேர்ந்து ஒரு கட்டுப்பாட்டை எழுதினார்கள். அதற்குள் வராத மாட்டைத் தாங்களே ஒதுக்கினார்கள். லேபிளும் விளம்பரமும் அந்தக் கட்டுப்பாட்டின் மேல் நிற்பவை. உங்கள் குழுவும் இந்த வரிசையை மாற்றாமல் போனால்தான் கிடைக்கும் விலை நிலைக்கும்.

முதலில் வாங்குபவரைக் கேளுங்கள்

ஓரிகான் மாநிலத்தின் உட்பகுதி மழை குறைந்த மேட்டு நிலம். பிரதர்ஸ் என்ற சிற்றூர்ப் பக்கம் பண்ணை வைத்திருந்த டாக் ஹேட்ஃபீல்ட், கானி ஹேட்ஃபீல்ட் தம்பதியர் 1980-களின் நடுவில் மாட்டு விலை சரிந்து திணறிக்கொண்டிருந்தார்கள். கால்நடை மருத்துவரான டாக் ஒருநாள் பெண்ட் நகரத்து உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய், அங்கிருந்த பயிற்சியாளரிடம் மாட்டிறைச்சி பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டார். தன்னிடம் வருகிறவர்களுக்கு மாட்டிறைச்சியைத் தான் பரிந்துரைப்பதாகச் சொன்னார் பயிற்சியாளர். ஹார்மோனும் ஆன்டிபயாட்டிக்கும் ஏறாத இறைச்சி கிடைப்பதுதான் சிரமமாக இருக்கிறது என்றார்.

ஹேட்ஃபீல்டின் வட்டாரத்தில் பலர் அப்படித்தான் மாடு வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குத் தனி விலை கொடுக்க ஆள் இருக்கிறது என்பதுதான் அவர்களுக்குத் தெரியாமல் இருந்தது. 1986-இல் 14 குடும்பங்கள் ஒன்றுகூடி ‘ஓரிகான் கன்ட்ரி பீஃப்’ என்ற கூட்டுறவைத் தொடங்கின. பின்னாளில் அதன் பெயர் ‘கன்ட்ரி நேச்சுரல் பீஃப்’ ஆனது. உறுப்பினர்கள் கடைகளுக்குப் போய் நின்று, வாடிக்கையாளருக்கு இறைச்சியைச் சமைத்துக் கொடுத்துப் பேச வேண்டும் என்பது அங்கே உறுப்பினர் கடமைகளில் ஒன்று. ‘இந்த மாடு எங்கே மேய்ந்தது?’ என்ற கேள்வியை நேரில் எதிர்கொண்டுவிட்டு வருகிறவர் மறுநாள் பண்ணையில் குறுக்குவழி எடுக்கத் தயங்குவார். சந்தை அறிவும் தர ஒழுங்கும் ஒரே பயணத்தில் கிடைத்தன.

நீங்கள் செய்ய வேண்டியது: குழுவில் உள்ள ஒவ்வொருவரும் ஊருக்கு வெளியே உள்ள சிலரிடம் பேசட்டும். உணவகச் சமையல்காரர், இறைச்சிக் கடைக்காரர், குழந்தைகளுக்குச் சமைக்கும் தாய், விளையாட்டு வீரர் என்று வேறு வேறு ஆட்களாக இருக்கட்டும். ‘எங்கள் கறியை வாங்குவீர்களா?’ என்று கேட்டால் மரியாதைக்கு ‘வாங்குவேன்’ என்பார்கள். ‘இப்போது எங்கே வாங்குகிறீர்கள்? அதில் எது பிடிக்கவில்லை?’ என்று கேளுங்கள். திரும்பத் திரும்ப வரும் குறையைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கட்டுப்பாட்டின் முதல் விதி அதிலிருந்து பிறக்கும்.

கட்டுப்பாட்டை எழுதுங்கள், மறுக்கும் அதிகாரத்தையும் எழுதுங்கள்

கோபே என்பது ஜப்பானின் ஹ்யோகோ மாகாணத்துத் துறைமுக நகரம். கோபே இறைச்சிக்கான சங்கம் 1983-இல் அமைந்தது. அதன் விதிகள் ஒரு பக்கத்தில் அடங்கும். மாடு தஜிமா இனத்தின் தூய வழியில், ஹ்யோகோவிலேயே பிறந்திருக்க வேண்டும். பதிவுபெற்ற பண்ணையில் வளர்ந்து, அந்த மாகாணத்து இறைச்சிக்கூடத்திலேயே அறுபட வேண்டும். கன்று ஈனாத கிடாரியோ காயடித்த காளையோதான் ஏற்கப்படும். அறுத்த உடலின் எடைக்கு உச்ச வரம்பு உண்டு. தசைக்குள் ஓடும் கொழுப்பு வரிகளுக்கு 12 வரை போகும் அளவுகோலில் குறைந்தது 6 வாங்க வேண்டும்.

இந்தக் கடைசி விதி நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். அறுத்துக் குளிரவைத்த உடலை ஆறாம் விலாவுக்கும் ஏழாம் விலாவுக்கும் இடையே வெட்டுகிறார்கள். தர மதிப்பீட்டாளர் அந்த வெட்டுமுகத்தைப் பார்க்கிறார்: சிவந்த தசையில் வெள்ளை வரிகள் எவ்வளவு நெருக்கமாக ஓடுகின்றன, நிறம் எப்படி, இறுக்கம் எப்படி. வளர்த்தவர் யார் என்பது அங்கே கணக்கில் வராது. தேறிய உடலில்தான் நோஜிகிகு என்ற காட்டுச் செவ்வந்திப் பூவின் முத்திரை விழும். தேறாத மாடு, பிறப்பும் வளர்ப்பும் சரியாக இருந்தாலும், கோபே பெயரில் போகாது. தஜிமா என்ற பெயரில் அதற்குரிய விலைக்குப் போகும்.

இதில் நமக்கு இரண்டு பாடம். ஒன்று, தரத்தைச் சொல்லுகிறவர் வளர்த்தவராக இருக்கக் கூடாது. உறுப்பினர்களே தங்கள் மாட்டுக்கு மதிப்பெண் போட்டால், உறவும் சங்கடமும் புகுந்து இரண்டாம் ஆண்டிலேயே தரம் இறங்கும். இரண்டு, ஒதுக்கப்பட்ட மாட்டுக்கும் ஒரு கண்ணியமான வழி வேண்டும். அது இல்லையென்றால் ‘இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள்’ என்ற கெஞ்சலை எந்தத் தலைவராலும் தாங்க முடியாது. இரண்டாம் பெயரையோ, பொதுச் சந்தைக்குப் போகும் ஏற்பாட்டையோ முதல் நாளே எழுதிவையுங்கள்.

விதிகள் குறைவாகவும் அளக்கக்கூடியனவாகவும் இருக்கட்டும். ‘இயற்கையான முறையில் வளர்த்தது’ என்பதை யாராலும் சோதிக்க முடியாது. ‘பிறந்த நாள் முதல் ஹார்மோன் ஊசி இல்லை, மருந்து பதிவேட்டைக் காட்டலாம்’ என்பதைச் சோதிக்கலாம். அமெரிக்க வேளாண் துறை தன் ‘புல் தின்று வளர்ந்தது’ என்ற சந்தைத் தர வரையறையை 2016-இல் விலக்கிக்கொண்டது. அதன் பிறகு அந்தச் சொல்லை லேபிளில் போட்டவர்கள் அதற்குத் தாங்களே பொருள் எழுதி, தாங்களே நிரூபிக்க வேண்டியதாயிற்று. அரசு வரையறையை நம்பியிருந்தவர்கள் தடுமாறினார்கள். சொந்தமாக விதி எழுதி, வெளியாள் தணிக்கையும் வைத்திருந்தவர்களுக்குப் பாதிப்பு குறைவு.

முழு மாட்டையும் விற்றாக வேண்டும்

உயர்விலைச் சந்தைக்குப் புறப்படும் குழுக்களில் பெரும்பாலானவை இங்கேதான் தடுக்கி விழுகின்றன. ஆகவே கணக்கை நிதானமாகப் பாருங்கள்.

600 கிலோ உயிர் எடையுள்ள மாட்டை அறுத்தால் தோல், தலை, குடல் நீங்கித் தொங்கும் உடல் சுமார் 360 கிலோ. எலும்பும் மிகைக் கொழுப்பும் கழித்தால் விற்கக்கூடிய கறி ஏறக்குறைய 240 கிலோ. உணவகங்கள் துரத்தித் துரத்திக் கேட்கும் அண்டர்கட், விலாக்கண், முதுகுப் பட்டை ஆகிய மூன்றும் சேர்ந்து 30 கிலோ தேறினால் அதிகம். மீதி 200 கிலோவுக்கு மேல் தொடை, தோள், நெஞ்சு, கால், கொத்துக்கறிக்குப் போகும் துண்டுகள்.

ஒரு நட்சத்திர ஓட்டல் வாரம் 30 கிலோ ஸ்டேக் கேட்கிறது என்று மகிழ்ந்துபோய் ஒப்பந்தம் போட்டால், வாரம் ஒரு மாட்டின் 200 கிலோ கறி உங்கள் குளிர்அறையில் குவியும். அதைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டிவரும். ஸ்டேக்கில் வந்த கூடுதல் லாபம் முழுவதும் அங்கே கரையும். எனவே முதலில் தேட வேண்டியது கொத்துக்கறி வாங்கும் ஆளை. ஓரிகான் கூட்டுறவுக்கு அந்த வட்டாரத்து பர்கர் கடைச் சங்கிலியான பர்கர்வில் வாடிக்கையாளராக வந்தது இந்த வகையில் மிகப் பெரிய பலம். பள்ளி, மருத்துவமனை, தொழிற்சாலை உணவுக்கூடம் போன்றவை விலை சற்றுக் குறைவாகக் கொடுத்தாலும், நாள் தவறாமல் அளவு தவறாமல் வாங்கும். அந்த ஒழுங்குக்கு விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

சிறு குழுவுக்கு இன்னொரு வழி பங்கு முறை. அமெரிக்காவில் பல குடும்பப் பண்ணைகள் மாட்டை உயிரோடு இருக்கும்போதே முழு, அரை, கால் பங்குகளாக விற்கின்றன. வாங்கியவர்கள் தங்கள் பங்கை எப்படி வெட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு, கறியை உறைபெட்டியில் அடுக்கி மாதக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். தோளும் தொடையும் ஸ்டேக்கும் சேர்ந்தே போய்விடுவதால் மிச்சம் என்ற பிரச்சினை எழுவதில்லை. அந்த நாட்டில் கறியைத் துண்டு துண்டாக விற்க அரசு ஆய்வுக்கு உட்பட்ட இறைச்சிக்கூடத்தில் அறுத்திருக்க வேண்டும். உரிமையாளர் சொந்தத் தேவைக்கு அறுப்பதற்கு விதி தளர்வு. உங்கள் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதல் மாட்டை அறுக்கும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

விலையைச் செலவிலிருந்து கட்டுங்கள்

பொதுச் சந்தை விலைக்கு மேல் பத்து சதவீதம் என்று பேசி முடிப்பது எளிது. ஆனால் பொதுச் சந்தை சரிந்தால் உங்கள் விலையும் சேர்ந்தே சரியும். நீங்கள் விட்டு வெளியேற நினைத்த இடத்திலேயே கட்டுண்டு கிடப்பீர்கள். ஓரிகான் குழு வேறு வழியில் போனது. வளர்ப்புச் செலவு, போட்ட முதலுக்கு ஒரு வருவாய், நியாயமான லாபம் ஆகிய மூன்றையும் கூட்டி விலை சொன்னார்கள். கடைக்காரருக்கும் இது வசதி: வாரத்துக்கு வாரம் விலை ஆடாது. இறைச்சி பெட்டியில் விற்பனைக்குப் போகும்வரை மாட்டின் உடைமை உறுப்பினரிடமே இருந்ததால், இடையில் யாரும் விலையைப் பறித்துக்கொள்ளவும் முடியவில்லை.

இதற்கு ஒவ்வொரு பண்ணையும் தன் செலவை உண்மையாக எழுத வேண்டும். தீவனம், மருந்து, கூலி, செத்துப்போன கன்று, லாரி வாடகை, வீட்டாரின் உழைப்பு எல்லாம் அதில் வரட்டும். வீட்டாரின் உழைப்பைச் சுழியம் என்று எழுதும் பழக்கம் எல்லா நாட்டு விவசாயிகளிடமும் இருக்கிறது. அதை விட்டொழியுங்கள். அந்த உழைப்புக்குக் கூலி கிடைக்காத தொழிலில் அடுத்த தலைமுறை நிற்காது.

கடைசி 24 மணி நேரம்

இரண்டு ஆண்டு உழைப்பை ஒரே நாளில் கெடுக்க முடியும். அமைதியாக வந்த மாட்டின் தசையில் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு இருக்கும். அறுத்தபின் அது லாக்டிக் அமிலமாகி, கறியின் பிஎச் அளவை 5.5 அருகே இறக்கும். மிரண்டு, சண்டை போட்டு, பட்டினியாக நின்ற மாட்டில் அந்தச் சேமிப்பு தீர்ந்திருக்கும், பிஎச் இறங்காது. கறி கருத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் கெடும். சமைத்து உண்ணும் தரத்தை வாடிக்கையாளர்களின் சுவைச் சோதனைகளிலிருந்து கணிக்கும் ஆஸ்திரேலியாவின் ‘மீட் ஸ்டாண்டர்ட்ஸ் ஆஸ்திரேலியா’ திட்டத்தில் பிஎச் 5.70-க்கு மேல் போன உடலுக்கு இடமில்லை.

ஆகவே முந்தைய நாள் வேறு பண்ணை மாடுகளோடு கலக்காதீர்கள். தண்ணீர் இருக்கட்டும். தடியும் கூச்சலும் வேண்டாம். மாடு ஏன் நடைபாதையில் நின்றுவிடுகிறது என்பதை ஆராய்ந்த டெம்பிள் கிராண்டின் காட்டிய காரணங்கள் சின்னச் சின்னவை: தொங்கி ஆடும் சங்கிலி, வேலியில் போட்ட சட்டை, ஈரத்தரையில் பளிச்சிடும் ஒளி. மாட்டை அனுப்பும் முன் அந்தப் பாதையில் நீங்களே ஒருமுறை நடந்து, மாட்டின் கண் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள்.

குளிரூட்டுவதிலும் நிதானம் வேண்டும். தசை விறைக்கும் முன்பே கடுங்குளிரில் தள்ளினால் அது சுருங்கிக் கடினமாகும். மேலே கொழுப்புப் போர்வை மெலிந்த மேய்ச்சல் மாடு இதில் எளிதாக மாட்டிக்கொள்ளும். பிறகு 0 முதல் 4 டிகிரிக்குள் இரண்டு வாரமாவது பதப்பட விட்டால் கறி மென்மையாகும். காற்றுப்படத் தொங்கவிட்டால் சுவை கூடும். நீர் வற்றி எடையும் குறையும். அந்த இழப்பை விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றைச் செய்துதரும் நல்ல இறைச்சிக்கூடங்கள் எங்கும் குறைவு. ஆண்டின் அறுவைத் தேதிகளை முன்கூட்டியே பதிவுசெய்த பிறகுதான் வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்க வேண்டும்.

பருவத்தையே பெருமையாக்குங்கள்

ஆண்டு முழுவதும் சரக்கு தர முடியவில்லையே என்று சிறு குழுக்கள் கூசுகின்றன. பிரான்சின் ஓத்-லுவார், ஆர்தேஷ் மாவட்டங்களின் எல்லையில் உள்ள மெசான்க் மலையில் ‘ஃபேன் கிரா து மெசான்க்’ என்ற மாட்டிறைச்சி பிப்ரவரி முதல் ஜூன் வரை மட்டுமே விற்பனைக்கு வருகிறது. 1,100 மீட்டருக்கு மேல் உள்ள புல்வெளிகளில் கோடையில் அறுத்து உலர்த்திய புல்லை, குளிர்காலம் முழுவதும் தொழுவத்தில் மெதுவாகத் தின்னக் கொடுத்துக் கொழுக்கவைக்கிறார்கள். ஊறல் தீவனத்துக்கு இடமில்லை. அந்தப் புல்லோடு வளரும் சீஸ்த்ர் என்ற மணமுள்ள மூலிகை அங்கத்தியர் பெருமையோடு காட்டும் செடி. ஈஸ்டர் பண்டிகைக்குக் கொழுத்த மாடு அனுப்பும் பழைய வழக்கத்தின் தொடர்ச்சி இது. 2006-இல் இதற்குப் பிரான்சின் பிறப்பிடச் சான்று கிடைத்தது.

பருவம் முடிந்ததும் கடைப்பலகையிலிருந்து பெயரை எடுத்துவிடும் நேர்மைதான் அடுத்த பிப்ரவரியில் வாடிக்கையாளரைத் திரும்ப வரவழைக்கிறது. உங்கள் புல் எந்த மாதம் செழிப்பாக இருக்கிறதோ, மாடு எந்த மாதம் சிறந்த உடலோடு இருக்கிறதோ, அதை ஒட்டி விற்பனை நாட்களை அறிவியுங்கள். மற்ற மாதங்களை நிரப்ப வெளிமாடு வாங்கிக் கலக்காதீர்கள்.

பெயரைக் காப்பது

பெயருக்கு மதிப்பு வந்த மறுநாளே போலி வரும். கோபே இறைச்சி அதிகாரபூர்வமாக வெளிநாட்டுக்குப் போகத் தொடங்கியதே 2012-இல், மக்காவுக்கு. அதற்கு முன்பே பல நாட்டு உணவகங்களின் விலைப்பட்டியலில் ‘கோபே’ இருந்தது. இதற்கு ஹ்யோகோக்காரர்களிடம் இருந்த ஆயுதம் ஆவணம். 2001-இல் ஜப்பானில் பித்தமாட்டு நோய் தென்பட்ட பிறகு, 2003-இல் வந்த சட்டத்தால் ஒவ்வொரு மாட்டுக்கும் 10 இலக்க எண் உண்டு. அந்த எண்ணை வைத்து உண்பவரே மாட்டின் பிறப்பிடம் வரை தேடிப் பார்க்கலாம். பதிவுபெற்ற கடைகளின் பட்டியலைச் சங்கமே வெளியிடுகிறது. 2015-இல் ஜப்பானின் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஸ்காட்லாந்து இதைச் சங்கிலியாகவே செய்தது. ‘ஸ்காட்ச் பீஃப்’ 1996-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பைப் பெற்றது. அதே ஆண்டு மார்ச்சில்தான் பித்தமாட்டு நோய்ச் செய்தியால் பிரிட்டன் மாட்டிறைச்சிக்கு ஐரோப்பா கதவடைத்தது. தடை முழுமையாக நீங்க 2006 ஆயிற்று. அந்த நெருக்கடி கற்றுக்கொடுத்தது, பண்ணையில் மட்டும் தரம் பார்த்தால் போதாது என்பதை. இன்று அங்கே பண்ணை, தீவன ஆலை, லாரி, ஏலச்சந்தை, இறைச்சிக்கூடம் எல்லாவற்றுக்கும் தனித்தனித் தர விதியும் தணிக்கையும் உண்டு. ஒரு கண்ணி அறுந்தால் பெயர் கைவிட்டுப் போகும்.

இந்திய வாசகர்களுக்கு

இந்தியாவில் இந்த வழியை மாட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. பசு இறைச்சி ஏற்றுமதிக்குத் தடை உண்டு. தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாட்டை அறுக்க, பத்து வயது கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாடு, அல்லது நிரந்தரமாக முடங்கிய மாடு என்ற சான்று வேண்டும். இளம் மாட்டின் மென்கறிச் சந்தைக்கு அதில் இடமில்லை. ஆனால் மேச்சேரிச் செம்மறி, கொடியாடு, கன்னியாடு வளர்ப்பவர்களுக்கு இந்த அத்தியாயத்தின் ஒவ்வொரு விதியும் பொருந்தும். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா கடக்நாத் கோழிக்கறிக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது முன்னுதாரணம். முழு உடலையும் விற்பதில் தமிழ்நாட்டுக்கு ஒரு சாதகமும் உண்டு: தலைக்கறி, குடல், ஈரல், ரத்தம், ஆட்டுக்கால் என்று எல்லாவற்றுக்கும் இங்கே கைப்பக்குவமும் வாடிக்கையாளரும் இருக்கிறார்கள்.

முதல் ஆண்டு வேலைத்திட்டம்

1. வாங்குபவர்களைச் சந்தித்து, அவர்கள் சொன்ன குறைகளைத் தொகுங்கள்.
2. ஒரே பக்கத்தில் விதிகளை எழுதுங்கள். ஒவ்வொரு விதிக்கும் எதிரே அதை யார், எதைப் பார்த்துச் சோதிப்பார் என்று குறிப்பிடுங்கள்.
3. இறைச்சிக்கூடத்தில் தேதிகளை உறுதிசெய்யுங்கள்.
4. ஒரு மாட்டை அறுத்து ஒவ்வொரு துண்டையும் எடை போட்டு எழுதுங்கள். உங்கள் மாட்டின் வெட்டுக் கணக்கு புத்தகக் கணக்கிலிருந்து மாறும்.
5. கொத்துக்கறிக்கும் தொடைக்கும் வாடிக்கையாளரைப் பிடித்த பிறகு ஸ்டேக் விலை பேசுங்கள்.
6. ஒதுக்கப்பட்ட மாடு எந்தப் பெயரில், எங்கே போகும் என்று தீர்மானம் போடுங்கள்.
7. வரும் புகாரை எல்லாம் மாட்டின் எண்ணோடு பதிந்து, வளர்த்தவருக்கு மாதந்தோறும் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. குழுவுக்கு உண்மையான சோதனை, பொதுச் சந்தை விலை சரியும் ஆண்டில் வருவதில்லை; அப்போது எல்லோரும் உங்களோடு நிற்பார்கள். ஏலச்சந்தை விலை திடீரென்று எகிறி, குழு கொடுக்கும் விலையைத் தாண்டும் ஆண்டில்தான் வரும். அப்போது நல்ல மாடுகளை ஏலத்துக்கு ஓட்டிவிட்டு மீதியைக் குழுவுக்குத் தரும் எண்ணம் யாருக்கும் எழும். அதற்கு இடம் கொடுத்தால் பல ஆண்டாக உங்களை நம்பிய கடைக்காரரின் பலகை ஒரே மாதத்தில் காலியாகும். திரும்ப அங்கே இடம் கிடைக்காது. ஒவ்வொரு உறுப்பினரும் இத்தனை ஆண்டுக்கு, இத்தனை மாடு, விலை ஏறினாலும் இறங்கினாலும் தருவேன் என்ற உடன்படிக்கையை முதல் கூட்டத்திலேயே, ஆசை காட்டும் விலை எதுவும் கண்ணில் படாத நேரத்திலேயே, கையெழுத்து வாங்கி வைத்துவிடுங்கள்.